"இரண்டுக்கும் பொருந்தும்" என்று அச்சடிப்பவர்களுக்கு

இரண்டு சர்க்யூட்டுகளை மின் தொடர்பில்லாமல் பிரித்துவைத்து, சிக்னலை மட்டும் கடத்தும் டிஜிட்டல் ஐசோலேட்டர் போர்டு தயாரித்து விற்கும் அன்பர்களுக்கு, வணக்கம்.

உங்களுக்குத் தெரியாத எதையும் நான் எழுதப்போவதில்லை. அதுதான் என் வருத்தமே.

உங்களில் ஒருவரின் போர்டை ஒரு தோட்டத்து போர்வெல் மோட்டார் கன்ட்ரோலரில் போட்டேன். '3.3 / 5 வோல்ட் இரண்டுக்கும் பொருந்தும்' என்று அதன் மேலேயே போட்டிருந்தது. என் பட்டறை மேசையில் இரண்டு நாள் பிசகாமல் ஓடியது. தோட்டத்தில் மாட்டியதும், மோட்டாரை ஆன்-ஆஃப் செய்யும் கான்டாக்டர் டடடடவென்று அடிக்க ஆரம்பித்தது. புரோகிராமைச் சந்தேகப்பட்டேன். வயரை மாற்றினேன். தோட்டக்காரர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தபடி, "தம்பி, வாழைக்கு இன்னைக்காச்சும் தண்ணி விட்டுருவமா?" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

மூன்றாம் நாள், சிக்னலைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். கன்ட்ரோலரின் மூளையான ஈஎஸ்பி32 மைக்ரோகன்ட்ரோலர் கொடுப்பது 3.2 வோல்ட். உங்கள் போர்டிலோ ஐசோலேட்டரின் இன்புட் பக்க சப்ளையை 5 வோல்ட்டில் கட்டிவைத்திருக்கிறீர்கள். அந்த வகைச் சிப் ஒரு சிக்னலை 'ஹை', அதாவது 'ஆன்' என்று உறுதியாக எடுத்துக்கொள்ள சப்ளையில் 70 சதவீதம், அதாவது 3.5 வோல்ட் வேண்டும். அதற்குக் கீழே மேசையில் ஓடினால் அது அதிர்ஷ்டம். கான்டாக்டர் காயிலின் இரைச்சலுக்குப் பக்கத்தில் அந்த அதிர்ஷ்டம் செல்லாது. போர்டில் அந்த 5 வோல்ட் வரும் டிராக்கை பிளேடால் அறுத்து, இன்புட் பக்கத்துக்கு 3.3 வோல்ட் கொடுத்தேன். அவ்வளவுதான், ஒரே ஒரு வயர். அவுட்புட் பக்கம் 5 வோல்ட் அப்படியே இருக்க, மோட்டார் ஒழுங்காக ஓடியது.

நான் கேட்பது ஒரே ஒரு வரி. இன்புட் பக்க சப்ளை எவ்வளவு, 'ஹை'க்குக் குறைந்தது எத்தனை வோல்ட்? போர்டின் மேல் அச்சடியுங்கள்.

அவுட்புட்டை இயக்கவும் நிறுத்தவும் இருக்கும் எனேபிள் பின் விஷயமும் இதே கதைதான். அவுட்புட் பக்க எனேபிள், அந்தப் பக்கத்து சப்ளைக்கும் கிரவுண்டுக்கும் கட்டுப்பட்டது. அதை இன்புட் பக்க பின்னோடு ஒரே வரிசையில் கொண்டுவந்து வைக்கிறீர்கள். விவரம் தெரியாத பையன் மைக்ரோகன்ட்ரோலரிலிருந்து நேராக வயர் இழுப்பான். அப்புறம் ஐசோலேஷன் எங்கே இருக்கிறது? பெட்டியின் மேல் அச்சில்தான் இருக்கிறது.

சிப்பின் பெயரைச் சுரண்டி எடுக்க உங்களுக்கு ஆள் கிடைக்கிறது. பெயர் தெரிந்தால் டேட்டாஷீட்டையாவது பார்த்துக்கொள்வோம், அதற்கும் வழியில்லை. இத்தனை வேலைக்கு நடுவில் ஓர் எண்ணை அச்சடிக்க நேரமில்லைதான், புரிகிறது.

சரி, கோபத்தில் கொஞ்சம் கூடப் பேசிவிட்டேன், மன்னியுங்கள். அடுத்த லாட்டிலாவது அந்த எண்ணைத் தயவுசெய்து அச்சடியுங்கள். போர்டில் இடமில்லை என்றால் 'இரண்டுக்கும் பொருந்தும்' என்பதை எடுத்துவிடுங்கள். தாராளமாக இடம் கிடைக்கும்.

இப்படிக்கு,
பிளேடும் கையுமாக ஒரு பட்டறைக்காரன்