சாலமன் ஹைனேக்கு இப்போதாவது குடியுரிமை கொடுங்கள்: ஹாம்பர்க் செனட்டுக்கு ஒரு திறந்த மடல்

ஹாம்பர்க் நகர செனட்டின் மாண்புமிகு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் உங்கள் நகரத்தில் வாழும் ஈழத்தமிழன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே வாழ்ந்த யூத வங்கியர் சாலமன் ஹைனே யார் என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எப்பென்டார்ஃபில் அவர் பெயரில் ஒரு தெரு இருக்கிறது. எல்பே ஆற்றங்கரையில் அவருடைய தோட்டம் இருந்த இடத்தை ஹைனே பூங்கா என்கிறீர்கள். அந்தத் தோட்டத்தில் இருந்த சிறு வீட்டைக்கூட இடிக்காமல் காப்பாற்றி வைத்திருக்கிறீர்கள். அதற்கெல்லாம் நன்றி. நான் கேட்க வந்தது வேறு. அவர் உயிரோடு இருந்தபோது யூதர் என்பதால் இந்த நகரம் மறுத்த குடியுரிமையை இப்போதாவது அவருக்குக் கொடுங்கள்.

இதை எழுத வைத்தது ஒரு சின்ன விஷயம்தான். ஊரிலிருந்து வந்த உறவினர்களை நகரம் சுற்றிக் காட்டும் நடை ஒன்றுக்கு அழைத்துப் போயிருந்தேன். நகர்மன்றச் சதுக்கத்தில் 1982-இல் நிறுவிய கவிஞர் ஹைன்ரிஷ் ஹைனேயின் சிலைக்கு முன்னால் நின்று, வழிகாட்டி அவருடைய சித்தப்பாவைப் பற்றியும் இரண்டு வரி சொன்னார். "பெரிய வங்கியர், ஹாம்பர்க்கின் பெருமைமிக்க குடிமகன்." அவருக்குத்தான் குடியுரிமையே கொடுக்கவில்லையே என்று கேட்டேன். "அதெல்லாம் அந்தக் காலத்து வழக்கம்" என்று சிரித்துவிட்டு அடுத்த கட்டடத்துக்குப் போய்விட்டார். அவர் பெயர் வேண்டாம், அவர் மேல் எனக்குக் கோபமும் இல்லை. அவர் வாயில் அப்படி வருவதற்கு இடம் விட்டவர்கள் நீங்கள்.

அந்தக் காலத்து வழக்கமாம். 1811 முதல் 1814 வரை ஹாம்பர்க் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தபோது யூதர்களுக்கும் மற்றவர்களுக்குச் சமமான உரிமை இருந்தது. பிரெஞ்சுக்காரர் போனதும் அதைத் திரும்பப் பிடுங்கியது உங்கள் செனட்டும் அன்றைய குடிமக்களும்தான். கையில் இருந்த ஒன்றைப் பறிப்பதற்கு வழக்கம் என்று பெயர் வைக்க முடியாது. 1834-இல் யூதச் சட்ட அறிஞர் கேப்ரியல் ரீஸர் சம உரிமை கேட்டு விண்ணப்பம் எழுதினார். அதுவும் பலிக்கவில்லை. அடுத்த வருஷம் யுங்ஃபெர்ன்ஸ்டீக் தெருவில் ஆல்ஸ்டர் பவிலியன் காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்த யூதர்களை அடித்து வெளியே துரத்தினார்கள். சாலமன் ஹைனேயின் வீடும் அதே தெருவில்தான் இருந்தது.

அந்த வீட்டைப் பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டும்.

1842 மே 5 விடியற்காலையில் டைக்ஸ்ட்ராஸ என்ற தெருவில் தீப்பிடித்தது. முதலில் வீடுகளை வெடி வைத்துத் தகர்த்துத் தீயின் வழியை அடைக்கத் தயங்கினார்கள். பிறகு வேறு வழி இல்லாமல் நகர்மன்றத்தையே தகர்த்தார்கள். அதிலும் அடங்காமல் தீ ஆல்ஸ்டர் ஏரிப் பக்கம் வந்தபோது சாலமன் ஹைனேயின் வீடு வழியில் நின்றது. அவருக்கு அப்போது 74 வயது. ஹனோவரிலிருந்து 1784-இல் பதினேழு வயதுப் பையனாக வெறுங்கையோடு வந்து, இன்னொரு வங்கியரிடம் எடுபிடியாக உண்டியல்களை, அதாவது குறித்த நாளில் பணம் தருவதாக எழுதிய வியாபாரச் சீட்டுகளை, தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக அலைந்தவர். 1797-இல் ஹெக்ஷர் என்பவருடன் கூட்டுச் சேர்ந்து, அப்புறம் தனியாகவே வங்கி நடத்தி எழுந்தவர். நகரத்தின் நடுவில் அவருக்கென்று நின்ற வீடு அது. வெடி வையுங்கள் என்றார். வைத்தார்கள்.

வீடு போனது ஒரு பக்கம். அதற்குக் காப்பீட்டிலிருந்து வர வேண்டிய தொகையையும் அவர் வேண்டாம் என்றார். நகரத்தில் மூன்றில் ஒரு பங்கு எரிந்து, ஏறக்குறைய 20,000 பேர் தெருவில் நிற்கும்போது, காப்பீட்டு நிறுவனங்கள் எப்படித் தாங்கும் என்று அவருக்குத் தெரியும். அதைவிடப் பெரிய காரியம் அடுத்து நடந்தது. மூன்று மாதம் கழித்துப் பணமாக வேண்டிய உண்டியலை இன்றே காசாக்கினால்தான் வியாபாரி பிழைப்பான் என்ற நிலை. அந்த மாதிரி நேரத்தில் பணம் வைத்திருப்பவன் வட்டத்தை, முன்கூட்டிப் பணம் கொடுப்பதற்குப் பிடிக்கும் கழிவை, ஏற்றுவான், அதுதான் சந்தையின் குணம். ஹைனே 4 சதவீதத்துக்கே மாற்றித் தருகிறேன் என்று அறிவித்தார். மற்றவர்களால் ஏற்ற முடியவில்லை. தீயில் தப்பிய பெர்ஸே என்ற சந்தைக் கட்டடம் இன்றும் உங்கள் நகர்மன்றத்தின் முதுகோடு ஒட்டித்தான் நிற்கிறது. அலுவலகத்தின் பின்பக்க ஜன்னலைத் திறந்தாலே தெரியும்.

நகரம் என்ன செய்தது? எரிந்த மனைகளை வாங்கிக் கட்ட ஆள் தேவைப்பட்டதால் அதே வருஷம் யூதர்களும் நகரமெங்கும் நிலம் வாங்கலாம் என்று சட்டம் போட்டார்கள். மனை வாங்கலாம், ஆனால் குடிமகன் ஆக முடியாது. எவ்வளவு கச்சிதமான கணக்கு!

அடுத்த வருஷம், 1843-இல், சாங்க்ட் பவுலியில் அவர் கட்டிய யூத மருத்துவமனை திறக்கப்பட்டது. 1837-இல் இறந்த மனைவி பெட்டியின் நினைவாகக் கட்டியது. அண்ணன் மகன் ஹைன்ரிஷ் அதைப் பற்றிக் கவிதையே எழுதினார். சித்தப்பாவுக்கும் அண்ணன் மகனுக்கும் பணத்தில் ஆயிரம் மனத்தாங்கல் உண்டு. பையன் உருப்படியாக எதையாவது கற்றுக்கொண்டிருந்தால் புத்தகம் எழுத வேண்டியிருக்காது என்று சித்தப்பா சொன்னதாக ஒரு பேச்சு இன்றுவரை ஓடுகிறது. அந்தக் குடும்பச் சண்டையை ரசிக்கத் தெரிந்த உலகத்துக்கு மருத்துவமனை நினைவில் நிற்பதில்லை. அந்த நிறுவனம் இன்றும் ஆல்ஸ்டர்டார்ஃபில் நடக்கிறது. எந்த மதத்தவரும் போகலாம்.

1844 டிசம்பர் 23 அன்று அவர் இறந்தார். 1849-இல் யூதர்கள் ஹாம்பர்க் குடிமக்கள் ஆகலாம் என்று வந்தது. அறுபது வருஷம் இங்கே உழைத்தவருக்கு இன்னும் நாலைந்து வருஷம் ஆயுள் போதவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஹாம்பர்க்கின் முதல் கௌரவக் குடிமகன் யார்? ரஷ்யப் படைத் தளபதி டெட்டன்போர்ன். 1813 மார்ச்சில் பிரெஞ்சுக்காரர் கொஞ்ச காலம் பின்வாங்கியிருந்தபோது குதிரையில் வந்தார், மே கடைசியில் பிரெஞ்சுக்காரர் திரும்பி வருகிறார்கள் என்றதும் நகரத்தை விட்டுக் கிளம்பினார். இரண்டரை மாதம் இருந்தவருக்குக் கௌரவக் குடியுரிமை, அறுபது வருஷம் இருந்தவருக்கு ஒன்றும் இல்லை. வாழ்க உங்கள் தராசு!

குடியுரிமை என்றாலே அப்படித்தான் போலிருக்கிறது. 1980-களில் தஞ்சம் கேட்டு இந்த நாட்டுக்கு வந்த எங்கள் ஆட்கள் தற்காலிக அனுமதிச் சீட்டை நீட்டி நீட்டியே உணவகங்களில் பாத்திரம் கழுவி இளமையைத் தொலைத்தார்கள். வரி கேட்கும் கடிதம் எந்த நாட்டிலும் முகவரி தவறிப் போனதில்லை. குடியுரிமைக் கோப்புதான் தவறும். உழைப்பு வேண்டும், காசு வேண்டும், ஆள் மட்டும் வாசலில் நிற்க வேண்டும். சரி, அது இன்னொரு மடலுக்கான கதை. கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

இறந்தவரைக் குடிமகனாகப் பதிய சட்டத்தில் இடமில்லை என்று உங்கள் அதிகாரிகள் சொல்லக்கூடும். இருக்கட்டும். செனட் ஒரு தீர்மானம் போடலாமே. "சாலமன் ஹைனே யூதர் என்பதால் அவருக்குக் குடியுரிமை மறுத்தோம். அது அநீதி. அவரை இந்நகரத்தின் குடிமகனாகவே கருதுகிறோம்." மூன்றே வாக்கியம், செலவும் இல்லை. அந்தத் தீர்மானத்தின் வாசகத்தை அவர் பெயர் தாங்கிய தெருவிலும் பூங்காவிலும் எழுதி வையுங்கள். நகர்மன்றத்தின் பெரிய மண்டபத்தில் புதுக் குடிமக்களை வரவேற்று விழா எடுக்கிறீர்கள் அல்லவா, அங்கேயும் ஒருமுறை வாசியுங்கள். "கொடைவள்ளல்" என்று மட்டும் எழுதி முடித்துக்கொள்ளாதீர்கள் என்பதுதான் என் தாழ்மையான வேண்டுகோள். எடுத்துக்கொண்டதை எழுதும்போது மறுத்ததையும் சேர்த்து எழுதுங்கள்.

கடுமையாக ஏதும் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தீர்மானம் எப்போது வரும் என்று மட்டும் தயவுசெய்து தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நகரத்தில் வாழும் ஒரு தமிழன்