பக்கத்துல ஒரு நூல் நூக்கறவங்க சங்கம் இருந்தா எவ்ளோ நல்லா இருக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

நெசவு பத்தி பேப்பர்ல எப்ப வந்தாலும் ரெண்டே விஷயம்தான் வருது. ஒண்ணு தறி அழிஞ்சிட்டு இருக்குன்னு ஒரு வருத்தம், இல்லன்னா கண்காட்சி, தள்ளுபடின்னு ஒரு விளம்பரம். தொழிலா இல்லாம ஆசைக்கு நூல் நூக்கறவங்க, சின்னத் தறி வச்சு நெய்யறவங்க, க்ரோஷே போடறவங்க, சாயம் முக்கறவங்கன்னு ஒரு கூட்டம் இருக்கே, அவங்களைப் பத்தி யாரும் எழுதறதில்ல. நானும் அந்தக் கூட்டத்துல ஒருத்தி. அதனால நாங்க ஒண்ணா கூடற சங்கம் ஏன் வேணும்னு கொஞ்சம் நீளமாவே எழுதறேன், வெட்டணும்னா வெட்டிக்கங்க, ஆனா கடைசில நான் கேக்கற விஷயத்தை மட்டும் வெட்டிடாதீங்க சார்.

நான் ஆரம்பிச்சது தக்ளியில (கையால சுத்தி நூல் நூக்கற சின்னக் கதிர்), முழுக்க வீடியோ பாத்துத்தான். வீடியோல அவங்க பஞ்சை இழுக்கறாங்க, நூல் பாட்டுக்கு வந்துட்டே இருக்கு. எனக்கு ரெண்டு ஜாண் வந்ததும் பட்டுனு அறுந்து தக்ளி சாஞ்சு விழும். ஆறு மாசம் இதே கதை. பஞ்சு சரியில்லன்னு பஞ்சை மாத்தினேன், தக்ளி கனமா இருக்குன்னு வேற தக்ளி வாங்கினேன், அப்புறம் என் கைதான் சரியில்லன்னு முடிவு பண்ணி எல்லாத்தையும் தூக்கி பரண்ல போட்டுட்டேன். அப்புறம் ஒரு நாள் அஞ்சாறு பேர் சேர்ந்து உக்காந்து நூக்கற ஒரு வீட்டுக்குப் போற வாய்ப்பு கிடைச்சுது, அங்க ஒரு வயசான அம்மா என் கையை ரெண்டு நிமிஷம் சும்மா பாத்துட்டு, "ஏம்மா இவ்ளோ அவசரம், முறுக்கு ஏறட்டும், அப்புறம் இழு"ன்னு சொல்லி என் கட்டைவிரலைப் பிடிச்சு எந்த இடத்துல அமுக்கணும் எப்ப விடணும்னு காமிச்சாங்க. அவ்ளோதான். பருத்தியோட நார் ரொம்ப குட்டை, ஒரு அங்குலத்துக்கு கொஞ்சம் முன்ன பின்னதான் இருக்கும், அதனால கம்பளி மாதிரி தாராளமா இழுக்க முடியாது, முறுக்கு நிறைய வேணும். இந்த விஷயத்தை நான் வீடியோல பத்து தடவை கேட்டிருப்பேன், ஆனா காதுல கேட்டது ஒண்ணு, விரலுக்குப் புரிஞ்சது வேற.

நூக்கறதாவது தனியா போராடிப் பாக்கலாம், தறி அப்படி இல்ல. இருபது அங்குல அகலத்துக்கு அங்குலத்துக்கு 20 இழை வச்சாலே மொத்தம் 400 இழை ஆச்சு. பாவுன்னு சொல்ற இந்த நீளவாக்கு இழை அத்தனையும் ஒரே இறுக்கத்துல பாவு உருளைல சுத்தணும். ஒருத்தர் அந்தப் பக்கம் பாவை இழுத்துப் பிடிக்கணும், ஒருத்தர் உருளையைச் சுத்தணும், இன்னொருத்தர் சுத்துக்கு சுத்து நடுவுல காகிதம் கொடுத்துட்டே இருந்தா இன்னும் நல்லது. நான் முதல் தடவை தனியா பண்ணினப்ப பாவை கட்டில் கால்ல கட்டி வச்சு சுத்தினேன் (சிரிக்காதீங்க), நெய்ய ஆரம்பிச்சதும் பாதி இழை தொங்குது பாதி இழை வீணைத் தந்தி மாதிரி நிக்குது, நாடா (குறுக்கு இழையைக் கொண்டு போற கட்டை) போற வழியில எல்லாம் தொங்கற இழை மாட்டுது, போதாததுக்கு அச்சுல (இழைகளைப் பிரிச்சு வைக்கற சீப்பு மாதிரி சட்டம்) ஒரு பல்லு தப்பா கோத்திருந்ததால துணி முழுக்க ஒரு கோடு விழுந்து, கடைசில அதை கத்தரிக்கோல் போட்டு வெட்டி எடுத்தப்ப அழுகையே வந்துடுச்சு. இப்ப பாவு ஏத்தற அன்னிக்கு மூணு பேர் வந்துடறாங்க, மறு வாரம் நான் அவங்க வீட்டுக்குப் போயிடறேன், ஒரு காலைப் பொழுதுல வேலை முடிஞ்சுடுது.

சாயம் போடறதும் இதே கதைதான். அவுரித் தொட்டி (அவுரிச் செடிலேர்ந்து வர்ற நீலச் சாயத் தொட்டி) ஒரு உயிர் மாதிரி, அதை ரெடி பண்றதே பெரிய பாடு. அவுரி நேரா தண்ணில கரையாது, தொட்டித் தண்ணிலேர்ந்து ஆக்சிஜனை நீக்கினதுக்கு அப்புறம்தான் கரையும், அப்ப தண்ணி மஞ்சப்பச்சையா இருக்கும், நூலை முக்கி வெளிய எடுத்ததும் காத்து பட்டு கண்ணு முன்னாடியே நீலமா மாறும். அந்த மாத்தத்தை முதல் தடவை பாக்கறவங்க மூஞ்சியைப் பாக்கவே ஒரு கூட்டம் கூட்டலாம். ஒரே ஒரு சிட்டம் (சுத்தி வச்ச ஒரு கட்டு) நூலுக்காக இவ்ளோ பெரிய தொட்டி கட்டி அப்புறம் கீழ கொட்டறது பாவம், பத்து பேர் ஆளுக்கு ஒரு சிட்டம் கொண்டு வந்தா அந்தத் தொட்டிக்கு மரியாதை. ஒரு ஆட்டோட முழு ரோமமும் அப்படித்தான், அதைத் தனி ஆள் கழுவி, சிக்கெடுத்து, நூத்து முடிக்கறதுக்குள்ள அடுத்த ரோமம் வெட்டற காலமே வந்துடும்.

இப்படி சங்கமா சேர்றது ஒண்ணும் புதுசா யாரோ கண்டுபிடிச்ச விஷயம் இல்ல. நாசிக் குகைல ஒரு கல்வெட்டு இருக்கு, கி.பி. ரெண்டாம் நூற்றாண்டு, உஷவதாதன்னு ஒருத்தர் பிக்குகளுக்காக 2000 கார்ஷாபணத்தை (அந்தக் காலத்துக் காசு) ஒரு நெசவாளர் சங்கத்துலயும் 1000 கார்ஷாபணத்தை இன்னொரு நெசவாளர் சங்கத்துலயும் டெபாசிட் போட்டிருக்கார், முதல் சங்கத்துல மாசம் நூத்துக்கு ஒண்ணு வட்டி, ரெண்டாவதுல முக்கால். அதாவது நெசவுக்காரங்க சங்கம்னா பேங்க் மாதிரி ஜனங்க நம்பி பணம் போடற இடம். மந்தசோர் கல்வெட்டு இன்னும் சுவாரசியம். குஜராத் பக்கம் லாட தேசத்துலேர்ந்து கிளம்பி வந்த பட்டு நெசவாளர் சங்கம் தசபுரத்துல (இப்ப மந்தசோர்) 437ல சூரியனுக்கு ஒரு கோயில் கட்டி, அது பழுதானப்ப 473ல அவங்களே சரியும் பண்ணியிருக்காங்க. அந்த சங்கத்துல சிலர் வில்வித்தைக்குப் போனாங்க, சிலர் கதை சொல்லப் போனாங்க, சிலர் ஜோசியம் பக்கம் போனாங்க, மத்தவங்க நெசவையே பண்ணிட்டு இருந்தாங்கன்னு கல்வெட்டே சொல்லுது. தறியை விட்டுட்டுப் போனவங்களையும் சங்கம் விடல பாருங்க, எனக்கு அதுல பிடிச்சதே அதுதான்.

ஆனா பழைய சங்கம் எல்லாமே தங்கம்னும் சொல்ல மாட்டேன். லண்டன் நெசவாளர் சங்கத்துக்கு 1155ல இரண்டாம் ஹென்றி ராஜா கொடுத்த சாசனம் இருக்கு, அதுல சங்கத்துல இல்லாதவன் லண்டன்ல அந்தத் தொழில்ல தலையிடக் கூடாதுன்னே இருக்கு. உள்ள இருக்கறவனுக்கு வேலி, வெளிய இருக்கறவனுக்கு சுவர். இன்னிக்கு நமக்கு வேண்டியது அதுக்கு நேர் எதிர், யார் வேணா வந்து கத்துக்கற சங்கம். இப்ப அதே இங்கிலாந்துல நெய்யறவங்க, நூக்கறவங்க, சாயம் போடறவங்க வச்சிருக்கற உள்ளூர் சங்கங்கள் எல்லாம் 1955லேர்ந்து ஒரே கூட்டமைப்பா இயங்குது. அமெரிக்காவுல பாஸ்டன் நெசவாளர் சங்கம் 1922லயே வந்தாச்சு, நாடு முழுசுக்குமான கைநெசவாளர் சங்கம் 1969ல. அங்கெல்லாம் பெருசா மேஜிக் எதுவும் நடக்கறதில்ல, கூடறாங்க, போன தடவை பண்ணினதைக் காமிக்கறாங்க, புத்தகம் எடுத்துட்டுப் போறாங்க, புதுசா வர்றவங்களுக்கு ராட்டையை இரவல் தர்றாங்க, ஆளுக்கு ஒரு டிசைன் நெய்து சின்னச் சின்னத் துண்டா வெட்டி எல்லாரும் மாத்திக்கறாங்க, அதனால நீங்க ஒரு துணி நெய்தா பதினஞ்சு துணியோட மாதிரி கைக்கு வருது. சில இடத்துல ஆட்டு ரோமத்துலேர்ந்து சால்வை வரைக்கும் ஒரே நாள்ல முடிக்கற போட்டி வேற, சிலர் நூக்க நூக்க ஒருத்தர் தறியில நெய்துட்டே இருப்பாங்க.

நம்ம நாட்டு உதாரணமே இருக்கு. 1925ல பாட்னாவுல காந்தி ஆரம்பிச்ச அகில இந்திய நூற்போர் சங்கத்துல அப்ப முதல் வகுப்பு மெம்பர் ஆகணும்னா சந்தா பணமா கட்ட முடியாது, மாசம் 1000 கஜம் தன் கையாலயே நூத்த நூல் கொடுக்கணும். அதுவும் நல்லா முறுக்கேறி சீரா இருக்கணும். இந்த ஒரு ரூல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். எந்தப் பெரிய மனுஷனா இருந்தாலும் உக்காந்து நூத்தாகணும், பேர் மட்டும் கொடுத்துட்டு மேடைல ஏற முடியாது. ஏன்னா நம்ம சங்கங்களோட வியாதியே அதுதான், ஆரம்பிச்ச மூணாவது மாசம் தலைவர் யார், செயலாளர் யார், லெட்டர்பேட்ல யார் பேர் மேலன்னு சண்டை வந்துடும், ராட்டை ஓரமா தூசி படிஞ்சு நிக்கும். இன்னொரு வியாதி, கத்துக்க வந்தவங்களை எல்லாம் உடனே வியாபாரி ஆக்கப் பாக்கறது. "இதை வித்தா எவ்ளோ வரும்"னு முதல் நாளே கேட்டா கோணல் மாணலா நூக்கற ஆள் அடுத்த தடவை வரவே மாட்டாங்க. விக்கறதுக்கு கூட்டுறவு சங்கம் தனியா இருக்கு, அது வேற வேலை, தேவையான வேலை, அதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்ல. கத்துக்கற இடத்துக்கு அந்த பாரத்தை ஏத்தாதீங்கன்னுதான் சொல்றேன்.

இடம் கேப்பாங்க, பணம் கேப்பாங்கன்னு நினைக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன், எங்க கூட்டம் நாலு பேர்ல ஆரம்பிச்சது, ஒரு ஹால், ஒரு பாய், மாசத்துல ஒரு நாள், அவ்ளோதான். ரெண்டு ராட்டை பொதுவுல இருக்கு. தொழில்முறை நெசவாளர் யாரையாவது கூப்பிட்டா மட்டும் அவங்க நேரத்துக்கு கூலி கொடுத்துடறோம், கலை, சேவைன்னு சொல்லி இலவசமா சொல்லிக்கொடுங்கன்னு கேக்கறது அசிங்கம்.

இப்ப நான் கேக்கற விஷயம். இந்த மாதிரி கூட்டங்கள் அங்கங்க இருக்கு, ஆனா இருக்கறது பக்கத்துத் தெருவுக்கே தெரியாது. நானே ஆறு மாசம் தனியா மல்லுக்கட்டினதுக்குக் காரணம் அதுதானே. உங்க பேப்பர்ல இன்றைய நிகழ்ச்சிகள்னு ஒரு பத்தி போடறீங்க இல்லையா, அதுல வாரத்துக்கு ஒரு நாள் நூல் நூக்கறது, நெசவு, பின்னல், சாயம்னு எங்க கூடறாங்க, எத்தனை மணிக்கு, புதுசா வர்றவங்க கையில என்ன கொண்டு வரணும்னு நாலே வரி போடுங்க. தகவல் கொடுக்க நாங்க ரெடி, மத்த கூட்டத்துக்காரங்களும் அனுப்புவாங்க. எங்க பொது ராட்டை ரெண்டுல ஒண்ணு இப்ப என் வீட்டுலதான் இருக்கு, மூணு மாச இரவல் கெடு இந்த மாசக் கடைசியோட முடியுது, அடுத்து வாங்கிட்டுப் போக இன்னும் ஆள் வரல.

இப்படிக்கு,
ஒரு வாசகி