அவசரநிலையை நாவலாக்கியவர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் ஜூன் 25-ஐ ஒட்டி வெளிவரும் அவசரநிலை பற்றிய கட்டுரைகளில் தலைவர்களின் சிறை நாட்களும் பத்திரிகைத் தணிக்கையும் தவறாமல் இடம்பெறுகின்றன. அக்காலத்தை நாவலாக்கிய நயன்தாரா சகலின் பெயர் வருவது அரிது. வந்தாலும் 'நேருவின் சகோதரி மகள்' என்பதோடு நின்றுவிடுகிறது.

அந்த உறவை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1927-இல் பிறந்த அவர், பெற்றோர் அடிக்கடி சிறை சென்ற வீட்டில் வளர்ந்தவர். தாய் விஜயலட்சுமி பண்டிட். காஷ்மீர மன்னர்களின் வரலாற்றைக் கூறும் 'ராஜதரங்கிணி'யை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த அறிஞரான தந்தை ரஞ்சித் சீதாராம் பண்டிட், சிறைவாசத்தால் உடல்நலம் குன்றி 1944-இல் மறைந்தார். இவ்வளவு இழந்த குடும்பத்தின் மகள் என்பதால்தான், 1975-இல் அவசரநிலை வந்தபோது, இந்திரா காந்தி தம் மாமன் மகள் என்றும் பாராமல் எதிர்த்து நின்றார் என்று நினைக்கிறேன். இத்தாலிக்குத் தூதராக அவர் அமர்த்தப்பட்டிருந்தும், 1980-இல் இந்திரா மீண்டும் பதவியேற்றதும் அந்த நியமனம் ரத்தானது.

சகலின் 'ரிச் லைக் அஸ்' நாவல் 1985-இல் வெளிவந்தது. அதன் நாயகி சோனாலி ஓர் ஆட்சிப் பணி அதிகாரி. வெளிநாட்டுக் கூட்டுடன் குளிர்பான ஆலை தொடங்கக் கோரிய விண்ணப்பத்தை விதிப்படி நிராகரித்ததற்காக அவர் பதவியை இழக்கிறார். சிறை சென்ற தலைவரை விட்டுவிட்டு, கோப்பில் ஒப்புதல் தர மறுத்த அதிகாரியை மையத்தில் நிறுத்தியதை இந்நாவலின் பெரும் பலமாகக் கருதுகிறேன். அடக்குமுறை அலுவலக மேசைகளின் வழியாகவும், வாய்மூடி உடன்பட்டவர்களின் துணையோடும் நடந்தது என்பதை அதனால்தான் நம்மால் உணர முடிகிறது. இன்னொரு நாயகியான ரோஸ், லண்டனிலிருந்து இரண்டாம் மனைவியாக வந்தவர். கணவர் நோயில் விழுந்தபின், முதல் மனைவியின் மகனே தந்தையின் கையெழுத்தைப் போலியாக இட்டுப் பணமெடுக்கும் வீட்டில் பாதுகாப்பின்றி வாழ்கிறார். நாட்டில் நடக்கும் அநீதியும் வீட்டில் நடக்கும் அநீதியும் ஒரே கதையாகப் பின்னப்பட்டுள்ளன. சோனாலியின் குடும்பத்தில் நிகழ்ந்த ஓர் உடன்கட்டைக் கொடுமையும் பழைய கையெழுத்துப் படியொன்றின் வழியே இதில் வந்து சேர்கிறது.

1986-இல் இந்நாவலுக்குக் கிடைத்த சாகித்ய அகாதமி விருதை, கன்னட எழுத்தாளர் கல்புர்கி கொலை, மாட்டிறைச்சி வதந்தியால் உத்தரப் பிரதேசத்தில் நடந்த தாத்ரி படுகொலை ஆகியவற்றைக் கண்டித்து 2015-இல் அவர் திருப்பியளித்ததும் பலர் அறிந்ததே.

தங்கள் நாளிதழின் இலக்கியப் பக்கத்தில் இந்நாவலைப் பற்றி விரிவான கட்டுரை ஒன்றை வெளியிடுமாறு வேண்டுகிறேன். பஞ்சாப் மாநிலம் பஞ்சாப், ஹரியானா எனப் பிரிந்ததால் எழுந்த பூசலைப் பேசும் 'ஸ்டார்ம் இன் சண்டிகர்' (1969) நாவலையும் அதில் சேர்த்துக்கொண்டால், அரசியல் அறிவியல் பயிலும் மாணவர்களுக்குப் பெரிதும் உதவும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி.