ஆண்டூரிலுக்கு முன் ஸ்டிங்: செழியனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள செழியனுக்கு,

'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படங்களில் நாயகன் அரகார்ன் ஏந்தும் நெடுவாளான ஆண்டூரிலின் நகலை வாங்கலாமா, அக்கா லண்டனிலிருந்து வரும்போது கையோடு கொண்டுவரச் சொல்லலாமா என்று கேட்டிருந்தாய். இரண்டுக்கும் என் பதில் 'இப்போது வேண்டாம்'. ஆசையை விடச் சொல்லவில்லை. முதலில் அதே படங்களில் ஃப்ரோடோ வைத்திருக்கும் சின்ன வாளான ஸ்டிங் வரட்டும், ஆண்டூரில் பிறகு வரட்டும் என்கிறேன். காரணங்களைச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

நீ வாங்கப்போவது எதன் நகல் என்பதில் தெளிவு வேண்டும். 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படங்களுக்காக நியூசிலாந்தின் வெல்லிங்டனில் உள்ள படப்பொருள் பட்டறையான வேட்டா வொர்க்‌ஷாப் ஒரே வாளைப் பல விதமாகச் செய்தது. நெருக்கமான காட்சிகளுக்கு, வாள் கொல்லர் பீட்டர் லயன் செய்த ஸ்பிரிங் எஃகு வாள். மோதல்களுக்கு எடை குறைந்த அலுமினிய வாள். விழுவது, உருளுவது, கூட்டத்தில் ஓடுவது போன்றவற்றுக்கு ரப்பர்போல் வளையும் யூரித்தேன் வாள். யுனைட்டெட் கட்லரி போன்ற நிறுவனம் உரிமம் பெற்று விற்கும் நகல், இவற்றில் முதல் வகையின் தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. உள்ளே இருக்கும் எஃகும் கட்டும் வேறு. அது கண்ணுக்காகச் செய்த பொருள். அப்படி மதித்தால் மிக அருமையான பொருள்.

இந்த நகல்களில் பெரும்பாலானவை 420 வகைத் துருப்பிடிக்காத எஃகில் வருகின்றன. இதில் குரோமியம் 12 முதல் 14 சதவீதம். நல்ல எவர்சில்வர் பாத்திரங்கள் செய்யும் 304 வகையில் குரோமியம் 18 சதவீதத்தை ஒட்டி இருக்கும், நிக்கலும் இருக்கும். 420இல் நிக்கல் கிடையாது. அதனால் சென்னைக் கடற்காற்றில் பாத்திரம் பளபளவென்று இருக்க, அதே வீட்டுச் சுவரில் மாட்டிய வாளில் ஊசி குத்தியதுபோல் பழுப்புப் புள்ளிகள் வரும். உப்பில் உள்ள குளோரைடு, குரோமியப் படலத்தைச் சின்னச் சின்ன இடங்களில் துளைப்பதால் வருபவை அவை. 'துருப்பிடிக்காத' என்ற பெயரை நம்பித் துடைக்காமல் விட்டவர்கள் எல்லாருக்கும் இது நடக்கும்.

அதைவிட முக்கியமானது உறுதி. கடினப்படுத்திய குரோமிய எஃகு சமையலறைக் கத்தி அளவுக்குச் சரி. மூன்றடி நீள அலகாகும்போது வளைந்து மீளும் தன்மை போதாது. அடி வாங்கினால் வளையாமல் முறியும். இதற்கு மேல் கைப்பிடிக்குள் ஒரு பலவீனம் ஒளிந்திருக்கும். போர்வாளில் அலகின் எஃகே ஒரே துண்டாகப் பிடிக்குள் நீண்டு, அடிக் குமிழ் வரை போகும். அதை டேங் என்பார்கள். மலிவான அலங்கார வாளில் அலகு பிடிக்குள் இரண்டு மூன்று அங்குலத்தில் முடிந்துவிடும். அதன் முனையில் ஒரு மெல்லிய மரைக்கம்பியை வெல்டு செய்து, குமிழை நட்டுபோல் முறுக்கியிருப்பார்கள். வெல்டு சூட்டில் அந்த இடத்து எஃகு நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடுகிறது. போதாததற்கு, அலகு குறுகும் இடத்தை வளைவில்லாமல் செங்கோணமாக வெட்டியிருந்தால் அழுத்தம் முழுவதும் அந்த மூலையில் குவியும். வாளை வீசினாலே போதும், எதிலும் பட வேண்டும் என்றுகூட இல்லை. பிடி கையில் நிற்க அலகு தனியாகப் பறக்கலாம். ஆகவே எந்த அலங்கார வாளையும் வீசாதே. நண்பர்கள் வந்தால் கையில் கொடு, படம் எடுக்கட்டும். வீச விடாதே.

எடையும் இதையே சொல்லும். இரு கைகளால் பிடிக்கும் பழைய ஐரோப்பிய நெடுவாள்கள் பெரும்பாலும் 1.2 முதல் 1.8 கிலோ வரைதான் இருக்கும். அவற்றின் அலகு கைக்காப்பின் (பிடிக்கும் அலகுக்கும் நடுவே குறுக்காக இருக்கும் பகுதி) அருகே தடித்து, நுனியை நோக்கி மெலிந்துகொண்டே போகும். அலங்கார நகலின் அலகை ஒரே தடிமனுள்ள தகட்டிலிருந்து வெட்டுவதால் நுனிப்பக்கம் கனக்கும். ஒரு விரலில் வாளைக் கிடத்திச் சமநிலைப் புள்ளியைத் தேடு. அது கைக்காப்பிலிருந்து ஒரு சாணுக்கு மேல் தள்ளிப் போனால் சுவருக்கான வாள் என்று எடுத்துக்கொள். கையில் எடுத்துப் பயிற்சி செய்யத்தான் உனக்கு விருப்பம் என்றால் படவாளையே தேடாதே. கார்பன் எஃகில் வாள் செய்யும் பட்டறையைத் தேடு. டேராடூனில் உள்ள விண்ட்லாஸ் ஸ்டீல்கிராஃப்ட்ஸ் உலகம் முழுவதும் உள்ள சேகரிப்பாளர்களுக்கு அப்படிப்பட்ட வாள்களை அனுப்புகிறது. அவற்றுக்குப் பராமரிப்பு இருமடங்கு.

இப்போது ஸ்டிங் ஏன் என்பதற்கு வருகிறேன். நீளம் ஏறக்குறைய இரண்டடிதான். ஆண்டூரில் நான்கடிக்கு மேல். அதை மாட்டச் சுவர், ஆணி, எடை, உயரம் எல்லாமே வேறு கணக்கு. இலை வடிவ அலகும், கொடி படர்ந்த கைப்பிடியும், கதையில் வரும் எல்ஃப் இனத்தாரின் எல்விய எழுத்துகளும் சின்ன இடத்தில் நெருங்கி இருப்பதால், நல்ல நகலையும் மோசமான நகலையும் பிரித்துப் பார்க்க ஸ்டிங்கைவிடச் சிறந்த பாடம் இல்லை. சிலந்திகளின் காலன் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் வாசகம் அதில் தெங்வார் என்ற எல்விய எழுத்தில் இருக்கிறது. அந்த எழுத்தின் அழகு, கோடு தடித்து மெலிவதில் இருக்கிறது. திருட்டு நகலில் எல்லாக் கோடும் ஒரே தடிமனாக இருக்கும், எழுத்தோடு வரும் சின்னக் குறிகள் கரைந்து ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். படத்தை நிறுத்தி வைத்து ஒப்பிட்டுப் பார், ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆண்டூரிலிலும் இதே சோதனைதான்: அலகின் நடுப்பள்ளத்தில் ரூன் எனும் கோண வடிவ எழுத்துகள் ஒரு முனையில் சூரியனோடு தொடங்கி மறுமுனையில் நிலவோடு முடிய வேண்டும். போலிகளில் பள்ளம் ஆழமில்லாமல், ஓரம் மழுங்கி இருக்கும்.

இன்னொன்று: முதல் இரண்டு படங்களில் அரகார்ன் கையில் இருப்பது ஆண்டூரில் அல்ல. அது, அவர் ரேஞ்சர் எனும் காட்டுக் காவலராகத் திரியும்போது வைத்திருக்கும் எளிய ரேஞ்சர் வாள். உடைந்த வாளிலிருந்து மறுபடி வடித்த ஆண்டூரில் 2003இல் வந்த மூன்றாம் படத்தில்தான் அவர் கைக்கு வருகிறது. உனக்குப் பிடித்த காட்சி முதல் படத்தில் இருக்கிறது என்றாயே, அப்படியானால் உன் மனதில் உள்ள வாள் எது என்று மறுபடி யோசி. இரண்டில் ரேஞ்சர் வாள்தான் எனக்குப் பிடிக்கும். வேலைப்பாடு குறைவு, வடிவம் நேர்த்தி.

ஏற்கெனவே ஒருவரிடம் இருந்த வாளை வாங்கினால் இந்தப் படங்களைக் கேள்: அலகும் கைக்காப்பும் சேரும் இடம் இரு பக்கமும், சாய்ந்த வெளிச்சத்தில் எழுத்துகள், குமிழின் அடிப்பகுதி, தோல் சுற்றின் தையல், சான்றிதழ். எண்ணிட்ட பதிப்பு என்று சொன்னால் வாளில் உள்ள எண்ணும் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பெட்டி இல்லை என்றால் விலையைக் குறைக்கக் கேட்கலாம், அதற்காக நல்ல வாளை விட வேண்டியதில்லை. 'டமாஸ்கஸ்' (அலைக்கோடு ஓடும் எஃகு) என்று யாராவது சொன்னால், அலகின் அலைக்கோடுகள் விளிம்பிலும் நடுப்பள்ளத்திலும் தொடர்கின்றனவா என்று பார். மேற்பரப்போடு நின்றுவிட்டால் அது அமிலத்தால் வரைந்த கோலம்.

அக்காவைக் கொண்டுவரச் சொல்லாதே என்பதற்குக் காரணம் சட்டம். இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 10ஆம் பிரிவுப்படி உரிமம் இல்லாமல் ஆயுதத்தை நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. பொம்மையாக மட்டுமே பயன்படக்கூடிய, ஆயுதமாக மாற்ற முடியாத பொருளுக்குத்தான் விலக்கு. எஃகு அலகைச் சாணைக்கல்லில் பிடித்தால் கூராகிவிடும் என்பதால், மழுங்கிய வாள் என்ற வாதம் சுங்க அதிகாரியிடம் எடுபடாமல் போகலாம். விமான நிலையத்தில் வாளோடு அக்காவும் மாட்டிக்கொள்வார். வீட்டில் வைத்துக்கொள்வதற்கும், மத்திய அரசு அறிவிக்கை செய்த பகுதிகளில் 4ஆம் பிரிவுப்படி உரிமம் தேவை. சென்னையில் காவல் ஆணையர் அலுவலகத்திலும், மாவட்டங்களில் ஆட்சியர் அலுவலகத்திலும் எழுதிக் கேட்டு, பதிலை வாளின் பில்லோடு சேர்த்து வை. லண்டன் பக்கமும் ஒரு கட்டுப்பாடு உண்டு: 50 செ.மீ. அல்லது அதற்கு மேல் நீளமுள்ள வளைந்த அலகு கொண்ட வாள்களை விற்பதும் இறக்குமதி செய்வதும் 2008 முதல் அங்கே, சில விலக்குகள் தவிர, தடை. அதே படங்களில் ஆர்வென் ஏந்தும் ஹதஃபாங் வளைந்த வாள் என்பதை அக்காவிடம் சொல்.

சுவரில் மாட்டும்போது பூச்சை நம்பாதே. பூச்சு 12 முதல் 20 மி.மீ. இருக்கும், பிளாஸ்டிக் பிளக் அதைத் தாண்டிச் செங்கல்லுக்குள் முழுதாக இறங்க வேண்டும். 8 மி.மீ. டிரில், 60 மி.மீ. ஸ்க்ரூ, குறைந்தது இரண்டு. ஹாலோ பிளாக், ஜிப்சம் சுவர் என்றால் அதற்கென்று உள்ள விரியும் பிளக் வாங்கு. மழைக்காலத்தில் ஈரம் பூக்கும் வெளிச்சுவர், ஏசி சொட்டும் இடம், சமையலறைப் பக்கம், நேர்வெயில் நான்கையும் தவிர். பலகைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருந்தால் காற்று போகும். குழந்தைகள் நாற்காலி போட்டு ஏறினாலும் எட்டாத உயரமாக இருக்கட்டும்.

பராமரிப்புக்கு அதிகம் செலவில்லை. கையால் தொட்ட ஒவ்வொரு முறையும் மென்மையான பருத்தித் துணியால் துடை. வியர்வை உப்பு ஒரே இரவில் ரேகை பதித்துவிடும். மாதம் ஒருமுறை தையல் மிஷின் எண்ணெய் இரண்டு மூன்று சொட்டுத் துணியில் விட்டு, படலம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பூசு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது நாளடைவில் பிசுக்காகித் தூசியைப் பிடிக்கும். மழைக்காலத்துக்கு முன் நுண்படிக மெழுகு (மைக்ரோகிரிஸ்டலைன் வாக்ஸ்) பூசினால் இன்னும் நல்லது. பித்தளை பாலிஷ் போடவே கூடாது: கைக்காப்பும் குமிழும் பெரும்பாலும் துத்தநாகக் கலவை வார்ப்பு, மேலே மெல்லிய முலாம், பாலிஷ் அந்த முலாமையும், பழமை தோன்றப் பூசிய கறுப்பையும் சேர்த்து உரித்துவிடும். எழுத்துக்குள் நிரப்பிய வண்ணம் தின்னர் பட்டால் போய்விடும். வாளைத் தோல் உறைக்குள் போட்டு வைக்காதே. தோல் பதனிடும் பொருள்களும் அது உறிஞ்சிய ஈரமும் சேர்ந்து அலகைத் தின்னும். உறையைப் பக்கத்தில் தனியாக மாட்டு.

ஓரிரு ஆண்டில் பிடி லேசாக ஆடும். மரம் சுருங்குவதுதான் காரணம். குமிழ் மரையில் திரும்புகிறதா என்று கையால் மட்டும் பார். திரும்பினால் அரைச் சுற்று இறுக்கு. ஸ்பானர் போட்டால் வெல்டில்தான் முறுக்கு விழும். திரும்பாவிட்டால் பிடிக்கும் கைக்காப்புக்கும் இடையே மெல்லிய தோல் சீவலைச் செருகு. ஃபெவிக்விக் ஊற்றாதே, அடுத்த முறை எதையும் கழற்ற முடியாது.

ஸ்டிங் விற்பவர் படங்களை அனுப்பியதும், பணம் கட்டுவதற்கு முன் எனக்கு அனுப்பிவை. கைக்காப்பும் அலகும் சேரும் இடத்தின் படம் கட்டாயம் இருக்கட்டும்.

அன்புடன்,
அண்ணன்