மேல்கோட்டைக்கு அரை நாள்

ஸ்ரீரங்கம்,
ஞாயிற்றுக்கிழமை

சிரஞ்சீவி குழந்தைக்கு அப்பா அநேக ஆசீர்வாதம். இவ்விடம் க்ஷேமம். உன் க்ஷேமத்துக்கு எழுதவும்.

நீ போன் பண்ணி 26 நாள் ஆகிறது. வேலை இருக்கும். அதைக் கேட்க எழுதவில்லை. மைசூருக்குப் போய் 3 வருஷமாகியும், 50 கிலோமீட்டரில் இருக்கிற மேல்கோட்டையை, நம் திருநாராயணபுரத்தை, நீ இன்னும் சேவிக்கவில்லை என்று அம்மா சொன்னாள். அதற்காகத்தான் எழுதுகிறேன். உடையவர், நம் ராமானுஜர், காவியை மறைத்து வெள்ளை சாத்திக்கொண்டு இங்கிருந்து காடும் மலையுமாக நடந்து போன ஊர். உனக்கு ஒன்றரை மணி நேரப் பயணம்.

அரை நாள் போதும். ஆனால் அது காலை அரை நாளாக இருக்க வேண்டும். மதியம் ஒரு மணிவாக்கில் நடை சாத்தினால் நாலு மணிக்கு மேல்தான் திறப்பார்கள். சாவகாசமாகப் பத்து மணிக்குக் கிளம்புகிறவர்கள் பூட்டின கதவைச் சேவித்துவிட்டுத் திரும்புவார்கள். ஆறரைக்கே கிளம்பு. ஸ்ரீரங்கப்பட்டணம், பாண்டவபுரம், ஜக்கனஹள்ளி, அங்கிருந்து மலைப்பாதை. நேர் பஸ் குறைவு, பாண்டவபுரத்தில் மாறிக்கொள்ளலாம். பைக் என்றால் பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் வேண்டும்.

மலைமேல் யோக நரசிம்மரை முதலில் சேவித்துவிடு. 300 படிக்கு மேல் இருக்கிறது, செருப்பைக் கீழேயே விட்டுவிட வேண்டும். வெயில் ஏறினால் கருங்கல் காய்ந்துவிடும். ஏறும்போது தெரியாது, இறங்கும்போதுதான் பாதம் பொரியும். அதனால் சாக்ஸ் எடுத்துக்கொள். தேங்காய், பழத்தைப் பாலிதீன் பையில் தொங்கவிட்டுக்கொண்டு போனால் பாதிப் படியிலேயே குரங்கு பறித்துவிடும். எல்லாவற்றையும் முதுகுப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிடு. உச்சியில் நின்று கீழே பார்த்தால் கல்யாணி புஷ்கரணி சதுரமாக, சுற்றிலும் படியும் தூண் மண்டபமுமாகத் தெரியும். இறங்கி வந்து அங்கே கொஞ்சம் உட்காரலாம். தண்ணீரை ஒட்டின படியில் பாசி, கால் வைக்காதே. சாக்ஸை மறக்காதே.

ராய கோபுரம் முடிக்காமல் விட்ட நாலு தூண், பத்து நிமிஷம் போதும். அக்கா தங்கைக் குளம் நேரம் இருந்தால்.

பதினொன்றரைக்குள் பெருமாள் சன்னிதிக்குப் போய்விடு. மூலவர் திருநாராயணன், உற்சவர் செல்வப்பிள்ளை. 'வாராய் என் செல்லப் பிள்ளையே' என்று உடையவர் கூப்பிட்டதும் டில்லி அரண்மனையில் தவழ்ந்து வந்து மடியில் உட்கார்ந்தவர் என்று பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறாய். நாங்கள் கூப்பிட்டால் ரிங் போகிறது. 12 வருஷம் கழித்து உடையவர் ஸ்ரீரங்கம் திரும்பும்போது மேல்கோட்டைக்காரர்கள் அழுதார்கள் என்று தன் விக்கிரகத்தையே கொடுத்துவிட்டு வந்தார், தமருகந்த திருமேனி. அதையும் சேவி. நீ ஒரு போட்டோகூட அனுப்புவதில்லை.

பெருமாள் திருவடியில் பீபி நாச்சியார் இருக்கிறாள். சின்ன விக்கிரகம், புஷ்பம் நிறையச் சாத்தியிருந்தால் தெரியாது, கூட்டம் வேறு தள்ளும். தயங்காமல் அர்ச்சகரிடம் கேள், காட்டுவார். செல்வப்பிள்ளையைப் பிரிய முடியாமல் டில்லியிலிருந்து பின்னாலேயே வந்த சுல்தான் பெண். உடையவர் அவளைத் திருப்பி அனுப்பவில்லை. நம்மூரில் அவளுக்காகப் பெருமாள் அமுது செய்கிற ரொட்டியையும் வெண்ணெயையும் எத்தனை தடவை கை நீட்டி வாங்கியிருப்பேன். அதே நான்தான், அன்றைக்கு நீ அந்தப் பெயரைச் சொன்னவுடன், பால் பொங்குகிறது என்று போனை அம்மா கையில் திணித்துவிட்டுப் போனேன். அடுப்பில் பால் இல்லை. அம்மாவுக்கும் அது தெரியும். இதுவரை அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, நீயும் கேட்கவில்லை. யாராவது கேட்டிருந்தால் கத்தியாவது தீர்த்திருப்பேன்.

போகட்டும். பங்குனியில் வைரமுடி சேவை சமயத்தில் மட்டும் போகாதீர்கள். மாண்டியா கஜானாவிலிருந்து போலீஸ் காவலோடு கிரீடம் வரும், ராத்திரி சாத்தி விடிவதற்குள் களைந்துவிடுவார்கள். அந்தக் கூட்டத்தில் அரை நாள் கணக்கெல்லாம் செல்லாது.

சேவித்துவிட்டு வெளியே வந்ததும் புளியோதரை சாப்பிடு. அம்மா பண்ணுகிற மாதிரி இருக்காது. வெல்லமும் எள்ளும் கொப்பரையும் சேர்ந்து கறுப்பாக இருக்கும், புளிப்புக்கு அடியில் இனிப்பு தட்டும். அதைச் சாப்பிட்டால் தாகம் எடுக்கும், தண்ணீர் கையில் இருக்கட்டும். ஒரு பொட்டலம் ஒருத்தருக்குத்தான் சரியாக இருக்கும், இரண்டாக வாங்கு.

வரும் வழியில் தொண்டனூர் ஏரியை எட்டிப் பார்க்கலாம். தண்ணீரில் இறங்க வேண்டாம், இரண்டு பேருமே.

எனக்கு நெற்றியில் நாமம் இட்டுக்கொள்ள மேல்கோட்டையிலிருந்து திருமண் கட்டி நாலு வேண்டும். உடையவர் கண்டெடுத்த மண், அங்கே வாங்குவதுதான் உசத்தி. அழுத்திப் பார்த்தால் விரலில் மாவாக ஒட்ட வேண்டும், நறநறவென்றால் வாங்காதே. தபாலில் போடாதே, நொறுங்கிவிடும். கையில்தான் கொண்டுவர வேண்டும். காலை ரயில் என்றால் ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன்.

அப்பா