மகள் அரசியல் எடுக்கட்டும்

திருகோணமலை

அன்பின் சுமதி,

உன் கடிதம் வந்தது. மகள் உயர்தரத்துக்கு அரசியல் விஞ்ஞானம் எடுக்கப் போகிறாளாம், அதைக் கேட்டதிலிருந்து அவள் அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறாராம், நான் என்ன சொல்கிறேன் என்று கேட்டிருக்கிறாய். கந்தோர் வேலையும் பார்த்துக்கொண்டு, இந்த வயதில் வெளிவாரிப் பட்டத்துக்கு அதே பாடத்தைப் படிக்கிறவளிடம் கேட்டால் வேறென்ன பதில் வரும்? எடுக்கட்டும்.

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோ, வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. கச்சான் காற்று தொடங்கிவிட்டது, மத்தியானத்தில் வீட்டுக்குள் இருக்க முடியாது. வகுப்பு சனிக்கிழமையில். முன் வரிசையில் இருபது வயதுப் பிள்ளைகள், பின் வரிசையில் என்னைப் போல உத்தியோகத்தர்கள். அந்தப் பிள்ளைகள் எழுதுகிற வேகத்துக்கு என் கை ஓடாது. ஆனால் அவர்கள் எழுதுகிற விஷயங்களில் பாதி எங்கள் கந்தோர் மேசைக்கு வந்துபோனவை.

டியூஷன் நோட்ஸில் இந்தப் பாடம் செத்துக் கிடக்கும். இலங்கையின் அரசியல் யாப்புகள் வரிசையாக: 1931 டொனமூர், 1947 சோல்பரி, 1972 முதலாம் குடியரசு, 1978 நிறைவேற்று சனாதிபதி. ஒவ்வொன்றுக்கும் பண்புகள் பத்து, குறைபாடுகள் பத்து. மகள் அதைப் பாடமாக்கி ஏ எடுப்பாள், அதில் சந்தேகமில்லை. எனக்குப் பாடம் உயிர் பிடித்தது கோடீஸ்வரன் வழக்கில்தான்.

அவரும் ஒரு எழுதுவினைஞர். சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய 1956 சட்டத்துக்குப் பிறகு தமிழ் உத்தியோகத்தர்கள் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சை எழுத வேண்டும் என்றார்கள். இவர் எழுதவில்லை. 1962இல் சம்பள ஏற்றத்தை நிறுத்தினார்கள். வழக்குப் போட்டார். சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு, மற்றச் சமூகத்தவருக்கு இல்லாத சுமையை ஒரு சமூகத்தின் மேல் மட்டும் ஏற்றும் சட்டத்தைப் பாராளுமன்றம் ஆக்கக் கூடாது என்றது. மாவட்ட நீதிமன்றம் 1964இல் அவர் பக்கம் தீர்த்தது, மொழிச் சட்டமே செல்லாது என்றும் சொன்னது. உயர் நீதிமன்றம் 1967இல் அதைக் கவிழ்த்தது. எப்படி? அரச ஊழியர் சம்பளத்துக்காக முடியின் மேல், அதாவது அரசின் மேல், வழக்குப் போடவே முடியாதாம். மொழிக் கேள்வியை அது தொடவில்லை. அப்போது எங்களுக்குக் கடைசி மேன்முறையீட்டு இடமாக இலண்டனில் இருந்த கோமறைக் கழகம் 1969இல், போடலாம், நீங்களே அந்தக் கேள்வியை எடுத்து விசாரியுங்கள் என்று திருப்பி அனுப்பியது. 1971இல் கோமறைக் கழகத்துக்கு மேன்முறையீடு போகும் வழியை மூடினார்கள். 1972இல் வந்த புது யாப்பில் 29ஆம் பிரிவே இல்லை. அந்த மனிசன் கேட்ட கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

வருசா வருசம் சம்பள ஏற்றப் படிவம் நிரப்புகிறவள் நான். ஒரு படிவத்தில் நின்றுபோன சில ரூபாய் அவ்வளவு தூரம் போனதை நினைத்து அன்று பஸ்ஸில் வரும்போது எனக்கு வேறு யோசனையே ஓடவில்லை. இப்போது 2007க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு இரண்டாம் மொழி இரு பக்கமும் கட்டாயம். எங்கள் கந்தோருக்கு வந்த குருணாகல் பிள்ளை என்னிடம் "ழ" படிக்கிறாள். பரீட்சை தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு பக்கத்துக்கு மட்டும் வைத்ததுதான் தப்பு.

இதையே எங்கள் ஊர் ஆளின் வழக்கோடு பக்கத்தில் வைத்துப் பார். சம்பந்தன் ஐயா 1977இல் திருகோணமலையிலிருந்து பாராளுமன்றம் போனவர். 1983இல், தனி நாடு கேட்கக் கூடாது என்ற ஆறாம் திருத்தம் வந்த காலத்தில் தன் கட்சியாரோடு ஆசனத்தை இழந்தவர். அதே மனிதர் 2018இல் என்ன செய்தார்? சனாதிபதி நவம்பர் 9ஆம் திகதி பாராளுமன்றத்தைக் கலைத்தார். நாலரை வருசம் முடியுமுன் கலைப்பதென்றால் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர் தீர்மானம் போட்டுக் கேட்க வேண்டும் என்று யாப்பின் 70ஆம் உறுப்புரையில் அப்போது இருந்தது. உயர் நீதிமன்றத்துக்குப் போன மனுக்களில் முதலாவதாகப் பேர் நிற்பது சம்பந்தனுடையது. ஏழு நீதியரசர்கள் டிசம்பர் 13ஆம் திகதி ஏகமனதாகச் சொன்னார்கள், கலைத்தது செல்லாது.

எந்தக் கதவால் உள்ளே போனார்கள் தெரியுமா? 12ஆம் உறுப்புரை. சட்டத்தின் முன் யாவரும் சமம் என்கிற அடிப்படை உரிமை. அது நீயும் நானும் போகக்கூடிய கதவு. நியமனத்தில் அநியாயம் நடந்தாலும் 126ஆம் உறுப்புரையின் கீழ் நேரே உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஒரு மாதத்துக்குள் போக வேண்டும், அதுதான் விஷயம். கந்தோரில் எத்தனை பேர் "மேலிடத்துக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறன், பாப்பம்" என்று இருந்தே அந்த மாதத்தை விட்டிருக்கிறார்கள்!

அதனால்தான் சொல்கிறேன், யாப்பில் பெரிய எழுத்தில் நிற்கிற இறைமை, சமத்துவம் எல்லாவற்றையும் விட, யார், எங்கே, எத்தனை நாளுக்குள் கேட்கலாம் என்கிற சின்ன வரிகளில்தான் எனக்கு இப்போது கண். போன கிழமை கிண்ணியாவிலிருந்து வருகிற ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்: "சேர், எங்கட ஸ்கூல் மாகாணப் பாடசாலை. கூரை ஒழுகுது. மாகாண சபையில ஆரிட்டச் சொல்லுறது?" வகுப்பு சிரித்தது, சேர் சிரிக்கவில்லை.

மாகாண சபைகளைக் கொண்டுவந்த பதின்மூன்றாம் திருத்தம் 1987இல் வந்தது. கிழக்கு மாகாண சபை இருப்பது எங்கள் ஊரில்தான். கட்டடம் இருக்கிறது, செயலாளர்கள் இருக்கிறார்கள், ஆளுநர் இருக்கிறார். 2017 செப்டம்பரில் காலம் முடிந்த பிறகு உறுப்பினர் ஒருவரும் இல்லை. அதே மாதம் மாகாண சபைத் தேர்தல் சட்டத்தைத் திருத்தினார்கள். பெண் வேட்பாளர் பங்கு பற்றி வந்த சட்டமூலம் குழுநிலையில், பாராளுமன்றம் அதை வரி வரியாகத் திருத்துகிற கட்டத்தில், தேர்தல் முறையையே மாற்றுகிற சட்டமாக வெளியே வந்தது. புது முறைக்குத் தொகுதி பிரிக்க வேண்டும். அந்த எல்லை நிர்ணய அறிக்கைக்குப் பாராளுமன்றத்தில் ஒரு வாக்குக்கூட ஆதரவாக விழவில்லை. பழைய முறை போய்விட்டது, புது முறை வரவில்லை, தேர்தலும் இல்லை.

இப்போது சின்ன வரிக்கு வா. 2017இல் ஒரு சட்டமூலத்தை எதிர்க்க வேண்டுமென்றால், அது பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் வந்து ஒரு கிழமைக்குள் உயர் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது, 121ஆம் உறுப்புரை. சபாநாயகர் கையெழுத்து வைத்த பிறகு எந்த நீதிமன்றமும் அந்தச் சட்டத்தைக் கேள்வி கேட்க முடியாது, 80ஆம் உறுப்புரை. குழுநிலையில் புதிதாகப் புகுந்த பக்கங்களை அந்த ஒரு கிழமைக்குள் எந்தக் குடிமகன் பார்த்திருப்பான்? சேரிடம் கேட்டேன். "அதை அடுத்த கிழமை நீங்களே எழுதிக்கொண்டு வாங்கோ" என்றார். இன்னும் எழுதி முடிக்கவில்லை.

பிள்ளையின் அப்பா வேலையைப் பற்றிக் கவலைப்படுகிறார், அது நியாயம். கலைப் பட்டதாரிகள் வேலை கேட்டு ரோட்டில் இருந்ததை நாங்களும் கண்டவர்கள்தானே. பிள்ளை இதோடு ஆங்கிலத்தையும் சிங்களத்தையும் ஒழுங்காகப் பிடித்துக்கொண்டால் சட்டம், நிர்வாக சேவை என்று வழி இருக்கிறது என்று சொல்லு. அரசியல் படித்தால் அரசியல்வாதி ஆகிவிடுவாள் என்று அவர் பயந்தால், அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

யாப்பின் தமிழ்ப் பிரதி பாராளுமன்ற இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். அச்செடுத்துக் கொடு, கைட் புத்தகம் பிறகு வாங்கலாம். ஆகஸ்ட் விடுமுறைக்கு அவளையும் கூட்டிக்கொண்டு வா. ஒரு சனிக்கிழமை என்னோடு பின் வரிசையில் இருத்துகிறேன். சேர் ஒன்றும் சொல்ல மாட்டார், கேள்வி மட்டும் கேட்பார். வரும்போது அம்மாவுக்கு உங்கள் பக்கத்து முழங்கால் எண்ணெய் ஒரு போத்தல் மறக்காதே.

அன்புடன்,
வசந்தி