பொன்னாடைக்குப் பதில்: ஒரு கப்பல் பண்டாரியின் நன்றி மடல்

எங்கள் முருகன் கோயில் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கும், கோயில் பெரியவர்களுக்கும், பல கரைகளில் எனக்குச் சோறு போட்டவர்களுக்கும் பர்மாவின் மோல்மீனிலிருந்து வணக்கம்.

பங்குனி உத்திரத்தன்று பொன்னாடை போர்த்தி, மைக்கையும் கையில் கொடுத்துவிட்டீர்கள். கப்பல் முழுவதற்கும் ஒரே உலையில் வடிக்கச் சொன்னால் வடிப்பேன். கூட்டத்தில் பேசுவது நமக்கு ஒத்துவராத காரியம். இரண்டு வார்த்தை சொல்லி உட்கார்ந்துவிட்டேன். மீதி இதோ.

முதல் நன்றி, என் கப்பல் கதைகளைப் போனில் பதிவு செய்து தமிழில் தட்டச்சு செய்த பிள்ளைகளுக்கு. 1960களில் தனியார் பள்ளிக்கூடங்களை அரசு எடுத்துக்கொண்ட பிறகு எங்கள் பக்கத்தில் தமிழ் பிழைத்தது கோயில் மண்டபத்தில்தான். பகலில் பர்மியப் பள்ளி, சாயங்காலம் மண்டபத்தில் அ, ஆ. அப்படிப் படித்த பிள்ளைகள், பாதி பர்மியமும் கால்வாசி இந்துஸ்தானியும் கலந்த என் பேச்சைப் பிரித்தெடுத்து எழுதியிருக்கிறார்கள். டெக் ஆட்களுக்குத் தலைவன் சாரங்கு, அடுப்படிக்குப் பண்டாரி என்று எத்தனை தரம் சொன்னாலும் மறுபடி கேட்டுச் சரிபார்த்தார்கள். ஒரே ஒரு திருத்தம். வங்கக் கடலில் ஏழு நாள் புயல் என்று வந்திருக்கிறது. புயல் அடித்தது ஒரு ராத்திரி. மீதியெல்லாம் என் பேரனின் கைச்சரக்கு.

கதைகள் கோர்வையாக இல்லை என்று யாரோ குறைப்பட்டாராம். கப்பல்காரனுக்கு எங்கே கோர்வை? பினாங்கில் சரக்கு இறக்கினால் அடுத்து எந்தத் துறை என்பது அடுப்படிக்குக் கடைசியில்தான் தெரியும்.

இனி, இதைப் படிக்க வாய்ப்பே இல்லாதவர்களுக்கு.

தென்னாப்பிரிக்காவில் நிறவெறிச் சட்டம் இருந்த காலம். எஞ்சின் கோளாறால் கப்பல் டர்பனில் நின்றுவிட்டது. மசாலா வாங்கலாம் என்று துறைமுகத்திலிருந்து இந்தியக் கடைத்தெருவுக்கு நடந்துகொண்டிருந்தேன். நல்ல வெயில். வழியில் ஒரு பெஞ்சைப் பார்த்து உட்காரப் போனவனைப் பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். திரும்பினால், கொத்தமல்லிக் கட்டும் பழப்பெட்டியுமாக ஓர் அம்மா. பெஞ்சு முதுகில் எழுதியிருந்ததை விரலால் காட்டினார். வெள்ளையருக்கு மட்டும். “தம்பி, இங்க ஒக்காராதே. போலீசு” என்றார். அவருக்குத் தமிழ் அவ்வளவுதான் வந்தது, ஆனால் ‘தம்பி’ சுத்தமாக வந்தது. பழத்தையெல்லாம் மடியில் கொட்டிக்கொண்டு, பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் என்னை உட்காரவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் சாப்பாடு. வீடு சாட்ஸ்வொர்த்தில், இந்தியர்களை ஊருக்குள்ளிருந்து கிளப்பிக் கொண்டுபோய்க் குடிவைத்த இடம். 1860 நவம்பரில் ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரைக் கொண்டுவந்து டர்பனில் இறக்கியது. அதற்குப் பின்னால் வந்த ஏதோ ஒரு கப்பலில் இவருடைய பாட்டனார் கரும்புத் தோட்டத்துக்கு வந்தாராம். அன்றைக்குக் கிடைத்த சமையல் பாடத்தைச் சொல்லாமல் விட முடியாது. டின்னில் அடைத்த மத்தி மீனை நேராகக் குழம்பில் போடக் கூடாது. வெங்காயம், பச்சை மிளகாய், தக்காளி நன்றாகச் சுருண்டு எண்ணெய் கக்கிய பிறகு, மீனை முள் நீக்கிப் பரப்பி, கரண்டி போடாமல் சட்டியைக் குலுக்க வேண்டும். கடல் கொந்தளித்து அடுப்படியே ஆடிய நாட்களில் அந்த டின் மீன்தான் என் மானத்தைக் காப்பாற்றியது. அம்மா, உங்கள் பெயரில் நாலைந்து கப்பல் சாப்பிட்டிருக்கிறது.

போர்ட் லூயியில் இறங்கிய நாள் தைப்பூசம். மொரிஷியசில் அது அரசு விடுமுறை என்று எனக்கு யார் சொன்னது? பசியோடு காவடிக்குப் பின்னாலேயே போனேன். கிரியோலில் பேசிக்கொண்டே வந்த ஒரு குடும்பம் பந்தியில் இடம் பிடித்துக் கொடுத்து, இலையில் ஏழு கறியும் விழுகிறவரை எழுந்திருக்க விடவில்லை. பந்தி முடிந்ததும் அந்த வீட்டுப் பெரியவர் மடிப்பிலிருந்து ஒரு ரூபாய் நோட்டை எடுத்து, அதில் அச்சாகியிருந்த தமிழ் எழுத்தை நான் வாசிக்கும்வரை பிடித்துக்கொண்டே நின்றார். அவர்களுக்கும் நன்றி.

சென்னை பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ என்கிற பர்மிய நூடுல்ஸ் கடை வைத்திருந்த அண்ணனுக்கும். 1964இல் பர்மாவில் கடைகளை அரசு எடுத்து, 50, 100 சாட் பண நோட்டும் செல்லாது என்றான பிறகு என் பெரியம்மா குடும்பம் ரங்கூனிலிருந்து கப்பலேறியது. என்னிடம் இருந்த விலாசம் ‘பர்மா காலனி, வியாசர்பாடி’ மட்டும். அண்ணன் கடையை மகனிடம் விட்டுவிட்டு, என்னைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாக விசாரித்தார். அவர் அத்தோவில் போட்ட ஆரஞ்சு நிற நூடுல்சைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் உண்டு. இந்த மடலில் வேண்டாம்.

கடைசியாகத் தன்பியுசயாத். பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய நண்பர், ஓய்வு பெற்ற பிறகு என்னைத் தேடி மோல்மீன் வந்தார். அவருடைய அப்பாவை மலாயாத் தோட்டத்திலிருந்து ஜப்பான்காரன் சண்டைக் காலத்தில் சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்குப் பிடித்துப் போனான், ஆள் திரும்பவில்லை. 415 கிலோமீட்டர் பாதை இந்தப் பக்கம் வந்து முடிகிற ஊர் அது. சிப்பாய்களின் கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டி, பெயர் பொறித்து, எல்லாம் ஒழுங்கு. எங்கள் மலாயாத் தோட்டத்துச் சனத்துக்கு அங்கே ஒரு கல் கிடையாது. நண்பர் வரிசை வரிசையாகப் படித்துப் பார்த்துவிட்டு வெளியே வந்து, தண்டவாளத்து ஓரத்தில் தேங்காயை வைத்தார். உடைக்கக் கல் கிடைக்கவில்லை, காற்றில் தீக்குச்சியும் நிற்கவில்லை. வெற்றிலை விற்றுக்கொண்டிருந்த ஒரு மோன் கிழவி, ஒன்றும் கேட்காமல், பாக்கு வெட்டிய பலகையைக் காற்றுக்கு அணையாகப் பிடித்தாள். கற்பூரம் எரிந்து முடியும்வரை அவள் கை ஆடவில்லை. வெற்றிலைக்குக் காசு கொடுத்தோம்; வாங்கவில்லை. எனக்கு மோன் மொழி அரைகுறை. அவள் வீட்டார் யாராவது நம் தெருவில் இருந்தால் இதைப் பர்மியத்தில் சொல்லிவிடுங்கள்.

என் வீட்டுக்காரிக்கு இங்கே நன்றி எழுதினால் திட்டுவாள். எழுதவில்லை.

மொஹிங்கா, அந்த மீன் குழம்பு நூடுல்ஸ், எப்போது போடுவீர்கள் என்று வகுப்புப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். வருகிற ஞாயிறு காலை, வழிபாடு முடிந்ததும், கோயில் பின்கட்டில். எத்தனை பேர் என்று சனிக்கிழமை மாலைக்குள் சொல்லிவிடுங்கள். விடியுமுன் நான் மீன் சந்தைக்குப் போகவேண்டும், வாழைத்தண்டு வேறு யார் கொண்டுவருகிறீர்கள் என்று இன்னும் முடிவாகவில்லை.

அன்புடன்,
உங்கள் பண்டாரித் தாத்தா